உறையில் யார் பெயர்? வேத வசனத்தை அன்றாட வாழ்க்கைக்குக் கொண்டுவருவது பற்றி

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிய நள்ளிரவு தாண்டிவிடும். அதற்குப் பிறகுதான் எங்கள் யாங்கோன் சபையில் தள்ளுமுள்ளு தொடங்கும். பீடத்துக்கு முன்னால் ஒரு தட்டில், ஆளுக்கொரு வேத வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். எடுத்ததைத் திருப்பிப் பார்க்காமல் வீடுவரை கொண்டுபோகிற பொறுமை யாருக்கும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. பதினைந்து வயதில் எனக்கு ஒருமுறை கொஞ்சம் கடுமையான வசனம் வந்தது. மெதுவாக அதைத் தட்டிலேயே போட்டுவிட்டு வேறொன்று எடுத்தேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தால், பின்னால் நின்ற பெரியம்மா பார்த்துவிட்டார். "லாட்டரிச் சீட்டாடா இது?" என்றார்.

இன்றும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் யாராவது "இந்த வசனம் என் வாழ்க்கைக்கு என்ன சொல்லுது அண்ணா?" என்று கேட்டால் பெரியம்மாவின் குரல்தான் முதலில் காதில் விழுகிறது. சீட்டு எடுக்கிற மாதிரி வசனம் எடுக்கிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. வேதாகமத்தைக் கண்ணை மூடிக்கொண்டு திறந்து, விரல் வைத்த இடத்தைப் படித்து, அதுதான் இன்றைக்குத் தேவன் எனக்குச் சொன்னது என்று எடுத்துக்கொள்வது. அதனால் ஆறுதல் அடைந்தவர்களை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் ஒரு வசனத்தைச் சரியாகப் புரிந்துகொண்டு நடக்க வேண்டுமென்றால் அதற்கு வேறு வழி இருக்கிறது. சிரமமான வழி ஒன்றும் இல்லை. வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தால் முதலில் என்ன செய்வோம்? உறையில் யார் பெயர் எழுதியிருக்கிறது என்று பார்ப்போம். அதையேதான் இங்கும் செய்யப் போகிறோம்.

எங்கள் சபையில் பல வீடுகளில் சுவரில் தொங்குகிற வசனத்தையே எடுத்துக்கொள்ளலாம். எரேமியா 29:11. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கு ஏதுவான நினைவுகளே." சிங்கப்பூர் வேலைக்கு விண்ணப்பம் போட்டவர், பெண்ணுக்கு வரன் தேடுகிறவர், கடைக்கு இடம் பார்க்கிறவர் எல்லாரும் இதைப் பிடித்துக்கொண்டு ஜெபிக்கிறார்கள். எதிர்பார்த்த முடிவு என்று எழுதியிருக்கிறதே, அப்புறம் என்ன?

இது உண்மையிலேயே ஒரு கடிதம்தான். 29ஆம் அதிகாரத்தின் முதல் வசனமே அதைச் சொல்லிவிடுகிறது. எருசலேமில் இருந்த எரேமியா தீர்க்கதரிசி, பாபிலோனுக்குச் சிறைபிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களுக்கு எழுதியது. கி.மு. 597ல் பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார், யூதாவின் ராஜாவையும் பிரபுக்களையும் கைத்தொழில்காரர்களையும் பிடித்துக்கொண்டு போனான். அங்கே அவர்கள் படுக்கையைச் சுருட்டி வைத்துக்கொண்டு, இன்றைக்கோ நாளைக்கோ ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்று இருந்தார்கள். அந்த நினைப்புக்கு நெய் ஊற்றுகிறவர்களும் இருந்தார்கள். முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற ஒருவன் இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று கர்த்தரின் பெயரால் சொல்கிறான். மக்களுக்கு அது பிடித்திருக்கும். யாருக்குத்தான் பிடிக்காது?

எரேமியாவின் கடிதமோ எழுபது வருஷம் என்கிறது. 11ஆம் வசனத்துக்கு நேர் மேலே, 10ஆம் வசனத்தில் இருக்கிறது அந்தக் கணக்கு. கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் பலர் அந்த முடிவைக் கண்ணால் பார்க்கப் போவதில்லை. பார்க்கப் போவது அவர்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். அதுவரை என்ன செய்ய வேண்டும்? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள் என்கிறது கடிதம். அதற்கும் மேலே ஒன்று சொல்கிறது, 7ஆம் வசனத்தில்: "நான் உங்களைச் சிறைப்பட்டுப்போகப்பண்ணின பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி, அதற்காகக் கர்த்தரை விண்ணப்பம்பண்ணுங்கள், அதற்குச் சமாதானமிருக்கையில் உங்களுக்கும் சமாதானமிருக்கும்."

7ஆம் வசனத்தில் வரும் சமாதானம்தான் 11ஆம் வசனத்திலும் வருகிறது. எபிரெயத்தில் இரண்டும் ஷாலோம் என்ற ஒரே சொல். சண்டை இல்லாத நிலை மட்டும் என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. எல்லாம் நன்றாக, நிறைவாக இருப்பது அது. நம் வீடுகளில் இருக்கும் பழைய திருப்புதல், அதாவது பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பு, இரண்டு இடத்திலும் சமாதானம் என்றே வைத்திருப்பதால் தமிழில் படிக்கிறவனுக்கு அந்தக் கயிறு கண்ணுக்குத் தெரிகிறது. உங்களுக்கு நான் நினைத்திருக்கிற சமாதானம், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தோடு கட்டப்பட்டிருக்கிறது என்கிறார் கர்த்தர்.

பர்மாத் தமிழனுக்கு இதைவிட நெருக்கமாக ஒரு வசனம் பேசுமா என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் தாத்தா தலைமுறை அரிசி ஆலையிலும் துறைமுகத்திலும் உழைத்தது. 1942ல் ஜப்பான்காரன் வந்தபோது ஒரு கூட்டம் காட்டு வழியே நடந்து போனது. 1964ல் கடைகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு கப்பல் கப்பலாகப் போனது இன்னொரு கூட்டம். மிச்சம் இருந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். எங்கள் வீட்டில் கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி ரொம்ப காலம் கட்டியபடியே இருந்தது. எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம் என்று. அந்தப் பெட்டியோடு வாழ்கிறவன் தெருவில் சாக்கடை அடைத்தால் கவலைப்பட மாட்டான், வார்டு அலுவலகக் கூட்டத்துக்குப் போக மாட்டான், பக்கத்து வீட்டுப் பர்மியக் கிழவிக்கு உடம்பு சரியில்லை என்றால் அது அவர்கள் பாடு என்பான். எரேமியா 29 அவனைப் பார்த்து, பெட்டியை அவிழ் என்கிறது.

சரி, அப்படியானால் சிங்கப்பூர் வேலைக்காக அந்த வசனத்தை வைத்து ஜெபித்தது தப்பா? ஜெபிக்கலாம். ஆனால் அந்த வேலை கிடைக்கும் என்று இந்த வசனம் கையெழுத்துப் போடவில்லை. அது பாபிலோனில் இருந்த ஒரு ஜனத்துக்கு, எழுபது வருஷக் கணக்கோடு சொல்லப்பட்டது. அதிலிருந்து நமக்கு வருவது, தன் ஜனத்தைத் தூர தேசத்திலும் மறக்காத ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கையும், இருக்கிற ஊரில் வேர்விட்டு வாழ் என்ற கட்டளையும்தான்.

மற்றவன் கடிதத்தை நாம் எடுத்துக்கொள்ளலாமா?

இந்த இடத்தில் யாராவது எழுந்து கேட்பார்கள்: "அப்போ எல்லாமே வேறொருத்தருக்கு எழுதினதுன்னா, நமக்கு என்ன இருக்கு?" நல்ல கேள்வி. வேதமே அதற்கு வழி காட்டியிருக்கிறது.

மோசே இறந்துபோன பிறகு, யோர்தானைக் கடக்க நிற்கிற யோசுவாவிடம் கர்த்தர் சொல்கிறார்: உன்னை விட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை. யோசுவா 1:5. தலைவனுக்கு, யுத்தத்துக்கு முன்னால், தனி ஆளாகச் சொன்ன வார்த்தை அது. பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு எபிரெயருக்கு எழுதியவர் அதே வார்த்தையை எடுத்துச் சாதாரண விசுவாசிகளுக்குச் சொல்கிறார். எந்த விஷயத்துக்கு? பணத்துக்கு. பண ஆசையில்லாமல் நடங்கள், இருப்பது போதும் என்று எண்ணுங்கள், ஏனென்றால் நான் உன்னைக் கைவிடுவதில்லை என்று அவர் சொல்லியிருக்கிறாரே என்கிறார். எபிரெயர் 13:5.

எதை எடுத்துக்கொண்டார், எதை விட்டுவிட்டார் என்று கவனியுங்கள். நீங்களும் கானானைப் பிடிப்பீர்கள் என்று சொல்லவில்லை. யோர்தானும் எரிகோவும் யோசுவாவோடு போய்விட்டன. யோசுவாவைக் கைவிடாதவரின் குணம் மாறவில்லை, அதை எடுத்துக்கொண்டார். பிறகு அதை மேகத்தில் விடாமல் பணப்பைக்குள் கொண்டுவந்து வைத்தார். ஒரு வசனத்தைப் படித்ததும் நான் கேட்டுக்கொள்வது இதைத்தான்: இது யாருக்கு, எந்த நெருக்கடியில் சொல்லப்பட்டது? இதில் தேவன் எப்படிப்பட்டவர் என்று தெரிகிறது? அவர் இன்றும் அப்படித்தான் என்றால், இந்த வாரம் என் வீட்டில், என் கடையில், என் தெருவில் நான் எதை வேறு மாதிரி செய்ய வேண்டும்? மூன்றாவது கேள்விக்கு வருவதற்குள் பலருக்குத் தூக்கம் வந்துவிடுகிறது. எனக்கும்தான்.

சில வசனங்களுக்கு இவ்வளவு தூரம் நடக்கவே வேண்டாம். "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்கிறது நீதிமொழிகள் 11:1. பர்மாவில் இன்றும் சந்தையில் மீனும் வெங்காயமும் வீசைக் கணக்கில்தான். ஒரு வீசை ஏறக்குறைய 1.63 கிலோ. பர்மியர் அதைப் பெய்த்தா என்கிறார்கள், ஆங்கிலத்தில் விஸ் என்று எழுதுகிறார்கள். அந்த விஸ் நம் வீசையிலிருந்து போனதுதான். தமிழன் பெயர் சொல்கிற நிறையில் தமிழ்க் கிறிஸ்தவன் கள்ளம் செய்தால் அதைவிடக் கேவலம் உண்டா? பழைய இஸ்ரவேலில் பைக்குள் பெரிய கல் ஒன்று, சின்னக் கல் ஒன்று வைத்திருப்பார்கள், வாங்க ஒன்று, விற்க ஒன்று. உபாகமம் 25:13 அதைத் தடை செய்கிறது. இன்று கல் இல்லை. தெரிந்தவருக்கு ஒரு விலை, புதிதாக வந்தவருக்கு ஒரு விலை என்று வாயிலேயே இரண்டு கல் வைத்திருக்கிறோம். இதற்கு விளக்கவுரை தேவையில்லை.

படைத்த சாப்பாடு

எங்கள் ஊரில் புது விசுவாசிகள் அதிகம் குழம்புவது சாப்பாட்டு விஷயத்தில். சித்தப்பா வீட்டில் தீமிதித் திருவிழா, பொங்கல் வைத்துப் பிரசாதம் கொடுத்தனுப்புகிறார்கள். பக்கத்து வீட்டுப் பர்மிய அக்கா, புத்தர் படத்துக்கு முன் வைத்த பழத்தை எடுத்து நம் பிள்ளை கையில் கொடுக்கிறார். வாங்கலாமா?

இதில் நமக்கு முன்னால் தவித்தவர்கள் கொரிந்து பட்டணத்துச் சபையார். அங்கே கோயிலில் பலியிட்ட மிருகத்தின் இறைச்சியில் ஒரு பங்கு சந்தைக்கு வந்துவிடும். எது படைத்தது, எது படைக்காதது என்று வாங்குகிறவனுக்குத் தெரியாது. நண்பர்கள் விருந்துக்கு அழைப்பார்கள். சிலர் விக்கிரகம் ஒன்றுமில்லை என்று துணிந்து கோயில் பந்தியிலேயே உட்கார்ந்தார்கள். சிலர் நேற்றுவரை அதைக் கும்பிட்டவர்கள், அந்த இறைச்சியைப் பார்த்தாலே மனம் பதறியது. அப்போஸ்தலன் பவுல் அவர்களுக்கு எழுதிய கடிதத்தில், 1 கொரிந்தியர் 8 முதல் 10 வரை மூன்று அதிகாரங்களை இதை மனதில் வைத்தே எழுதுகிறார். ஒற்றை வசனத்தைப் பிய்த்தெடுத்தால் எந்தப் பக்கமும் வாதாடலாம். "கடையில் விற்கப்படுகிற எதையும் வாங்கிப் புசியுங்கள்" என்று 10:25 இருக்கிறது. பேய்களுடைய பந்தியில் பங்கு பெறக் கூடாது என்று அதற்கு நாலு வசனம் மேலே இருக்கிறது.

மூன்றையும் சேர்த்துப் படித்தால் பவுலின் மனம் விளங்குகிறது. வழிபாட்டில் போய் உட்காராதே. சந்தையில் துருவித் துருவிக் கேட்காதே. ஒருவர் வீட்டு விருந்தில் வைத்ததைச் சாப்பிடு. இது படைத்தது என்று யாராவது சொன்னால், சொன்னவரின் மனச்சாட்சிக்காக விட்டுவிடு. எல்லாவற்றுக்கும் மேலாக, உன் சாப்பாட்டால் பலவீனமான ஒரு சகோதரன் இடறி விழுவானென்றால் அந்தச் சாப்பாடே வேண்டாம்.

பர்மிய அக்கா கொடுத்த பழத்துக்கு இதிலிருந்து என்ன பதில்? எங்கள் சபைக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. என் எண்ணத்தைச் சொல்கிறேன். படைத்தது என்று தெரிந்தால் நான் சாப்பிடுவதில்லை. ஆனால் கையைத் தட்டிவிடுவதுமில்லை. "நாங்க சாமிக்கு வச்சதைச் சாப்பிடறதில்லை அக்கா, நீங்க தப்பா எடுத்துக்காதீங்க" என்று சிரித்துச் சொல்லிவிட்டு, மறுநாள் நம் வீட்டு இட்லியோ கேக்கோ ஒரு தட்டு அனுப்பினால் உறவு கெடாது. வருஷக் கணக்கில் அப்படித்தான் ஓடுகிறது. பிரசாதத்தைக் குப்பையில் எறிந்து அதை விசுவாச வீரம் என்று சாட்சி சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. கொடுத்தவரின் மனச்சாட்சியைப் பற்றி அவ்வளவு யோசித்த பவுல் அதைப் பார்த்தால் என்ன சொல்லியிருப்பார்?

தேர்வுத் தாளின் மேல் பிள்ளைகள் எழுதுகிற வசனத்தையும் பார்த்துவிடலாம். "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு." பிலிப்பியர் 4:13. பவுல் இதை எழுதியது காவலில் இருந்தபோது. முந்தின வசனம் "தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், வாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும்" என்று தொடங்கி, திருப்தியையும் பட்டினியையும் பற்றிப் பேசுகிறது. அந்த "எல்லாவற்றையும்" என்பதற்குள் பட்டினியும் உண்டு. பத்தாம் வகுப்புத் தேர்வில் தேறுவதற்கும் பெலன் உண்டு, தேறாமல் போன நாளில் வீட்டுக்கு நடந்து வருவதற்கும் பெலன் உண்டு. இரண்டாவதை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதே இல்லை.

பர்மிய மொழியில் இந்த வசனத்தைத் தந்தவர் அதோனிராம் ஜட்சன். 1813ல் ரங்கூனில் வந்து இறங்கினார். முதல் பர்மிய விசுவாசி ஞானஸ்நானம் பெற 1819 ஆனது. 1823ல் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து முடித்தார், மறு வருஷமே ஆங்கிலேய-பர்மியப் போரில் உளவாளி என்று சந்தேகித்து அப்போதைய தலைநகரான ஆவாவில் அவரைச் சிறையில் போட்டார்கள். கையெழுத்துப் பிரதியை அவர் மனைவி ஆன் ஒரு தலையணைக்குள் வைத்துத் தைத்துக் கொடுத்தார். தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும் என்ற வரி அந்தத் தலையணைக்குள் இருந்தது. காலில் விலங்கோடு அதன்மேல்தான் அவர் தலை வைத்துப் படுத்தார்.

ஒரு வசனம் சரியாக இருந்தும் அதைச் சொல்கிற நேரம் தப்பாகப் போகலாம். 2008 மே மாதம் நர்கிஸ் புயல் ஐராவதி டெல்டாவை அடித்துப்போட்ட பிறகு, மகனையும் வீட்டையும் இழந்து யாங்கோனில் உறவினர் வீட்டுக்கு வந்திருந்த ஒரு அம்மாவைப் பார்க்கப் போனேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. "சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது" என்று ரோமர் 8:28ஐச் சொன்னேன். அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றைக்கு அவர் முகத்தை நான் மறுபடி பார்க்கவில்லை.

அதே ரோமரில் நாலு அதிகாரம் தள்ளி, 12:15ல் "அழுகிறவர்களுடனே அழுங்கள்" என்று இருக்கிறது. 8:28 விசுவாசி தன் துன்பத்தின் நடுவே பிடித்துக்கொள்கிற கயிறு. அதே அதிகாரம் பசியையும் நிர்வாணத்தையும் பெயர் சொல்லியே பேசுகிறது, ஒன்றையும் மழுப்பவில்லை. 12:15 பக்கத்தில் உட்காருகிறவனுக்கு. எனக்கான வசனத்தை விட்டுவிட்டு அவருக்கான வசனத்தை எடுத்து அவர்மேலேயே வீசியிருக்கிறேன். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவைப் பார்க்க வந்த நண்பர்கள்கூட முதல் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாய் திறந்த பிறகுதான் கெட்டது.

நீதிமொழிகள் பற்றியும் ஒரு சொல். "பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து, அவன் முதிர்வயதிலும் அதை விடாதிருப்பான்" என்ற 22:6ஐக் காட்டி, குடியில் விழுந்த மகனின் பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறவர்கள் உண்டு. நாமும்தான் விளையும் பயிர் முளையிலே தெரியும் என்கிறோம். அதை யாராவது பத்திரத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறோமா? உலகம் பெரும்பாலும் எப்படி ஓடுகிறது என்று சொல்வது நீதிமொழி. அதை அப்படியே படிக்க வேண்டும்.

கையில் இருக்கிற கருவிகள்

பெரிய புத்தகங்கள் வாங்க வேண்டாம். வசன எண்கள் மூலத்தில் இல்லை என்பதை மட்டும் முதலில் மனதில் வையுங்கள். அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டில் வந்தது. புதிய ஏற்பாட்டில் இன்று நாம் பார்க்கும் வசன எண்களை ராபர்ட் எஸ்தியென் என்ற பிரெஞ்சு அச்சகர் 1551ல் போட்டார். இடத்தைச் சீக்கிரம் கண்டுபிடிக்க அது வசதி. ஆனால் பவுல் எண் போட்டு எழுதவில்லை, மூச்சு விடாமல் எழுதினார். அதனால் ஒரு வசனம் பிடித்திருந்தால் மேலே பத்து, கீழே பத்துப் படிப்பது என்ற பழக்கம் போதும்.

இன்னொரு கருவி தமிழிலேயே இருக்கிறது. பழைய திருப்புதலில் ஒருவரிடம் பேசினால் நீ, பலரிடம் பேசினால் நீங்கள். மரியாதைக்காக நீங்கள் என்று மாற்றுவதில்லை. இதனால் சில இடங்களில் ஆங்கிலத்தில் மறைந்துபோவது நமக்குப் பளிச்சென்று தெரியும். லூக்கா 22:31ல் இயேசு பேதுருவிடம், சாத்தான் உங்களைப் புடைக்க உத்தரவு கேட்டான் என்கிறார். அடுத்த வசனத்தில், உனக்காக வேண்டிக்கொண்டேன் என்கிறார். சோதனை எல்லாச் சீஷருக்கும். ஜெபம் மட்டும், தம்மை மறுதலிக்கப் போகிற பேதுருவுக்குத் தனியாக.

நம் பிள்ளைகளில் பலர் தமிழ் பேசுவார்கள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்கள். பர்மிய வேதாகமம் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதைக் குறையாக நினைத்துத் திட்டாதீர்கள். வீட்டு ஜெபத்தில் அப்பா தமிழில் ஒரு வசனம், மகள் பர்மிய மொழியில் அதே வசனம் என்று படித்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துவராத இடத்தில் ஒரு கேள்வி பிறக்கும். "இங்கே ஏன் வேற மாதிரி இருக்கு?" என்று மகள் கேட்கிற அந்த இடத்திலிருந்துதான் எங்கள் வீட்டில் நல்ல பேச்சுகள் எல்லாம் தொடங்கியிருக்கின்றன.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்கிறவர்களுக்கு நான் பிலிப்பியரைச் சொல்வேன். நாலே அதிகாரம், 104 வசனம். கரண்ட் போனால் யாங்கோனில் எப்படியும் ஃபோனையும் டிவியையும் விட்டுவிட்டு உட்கார வேண்டியதுதான். மெழுகுவர்த்தி ஒன்று அணைவதற்குள், உங்களுக்கு யாரோ எழுதிய கடிதம் மாதிரி, தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் சத்தமாகப் படித்துவிடலாம்.